1873இல் கல்லூரிப் படகுக் குழுவுக்குக் காசு சேர்ப்பது எப்படி

உங்களை 1873 செப்டம்பருக்கு அனுப்பிவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் வடகிழக்குப் பக்கம், ஆற்றங்கரையில் ஒரு சின்னக் கல்லூரி, மொத்த மாணவர்களே இருநூறு பேர்தான். படகுக் குழுவின் கூட்டத்தில் தோள் அகன்ற பையன்கள் எல்லாம் துடுப்புப் போட இடம் பிடித்துவிட்டார்கள், மிச்சமிருந்த உங்களைப் பார்த்து "உனக்குக் கணக்கு நன்றாக வருமே, நீயே பொருளாளர்" என்று கைதட்டிவிட்டார்கள். அடுத்த ஜூலையில் கல்லூரிகளுக்கு இடையிலான பந்தயம். ஹார்வர்டு வரும், யேல் வரும், நீங்களும் போயே ஆக வேண்டும். பணப்பெட்டியைத் திறந்தால் போன வருடத்துப் படகுக்கான பாக்கிச் சீட்டு மட்டும் இருக்கிறது.

அந்தக் காலத்தை வைத்துக் கதை எழுதுகிறவர்களுக்கும், அந்தப் பையன்கள் எப்படித்தான் சமாளித்தார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கும் இது உதவும். பந்தய தூரம் 3 மைல், நல்ல குழு 17 நிமிடத்தில் முடித்துவிடும். அதற்கு முன்னால் பத்து மாதம் நடப்பது முழுக்க வசூல், அதில் தோற்றவர்கள் தண்ணீர்ப் பக்கமே போக முடியாது. கல்லூரி நிர்வாகம் கொடுக்கும் என்று காத்திருக்காதீர்கள். படகு என்பது பையன்களே ஆரம்பித்து, பையன்களே நடத்தி, பையன்களே கடன்படுகிற சமாச்சாரம். யேலில் 1843இலும் ஹார்வர்டில் 1844இலும் முதல் படகுகள் வந்ததும் மாணவர்கள் காசு போட்டு வாங்கியதால்தான்.

எதற்கெல்லாம் காசு வேண்டும்

முதலில் படகு. நீங்கள் ஓட்டப்போவது ஆறு துடுப்புப் படகு, ஆளுக்கு ஒரு துடுப்பு, ஏறக்குறைய 50 அடி நீளம். சுக்கான் பிடிக்கத் தனி ஆள் கிடையாது, முன்னால் உட்கார்ந்திருப்பவனே காலால் திருப்பிக்கொள்ள வேண்டும். ரயில் டிக்கெட்டிலும் சாப்பாட்டிலும் ஓர் ஆள் மிச்சம் என்று சந்தோஷப்படுங்கள்.

மரப் படகா காகிதப் படகா என்பது அடுத்த கேள்வி. காகிதமா என்று சிரிக்க வேண்டாம். நியூயார்க் மாநிலத்தில் டிராய் என்கிற ஊரில் எலைஷா வாட்டர்ஸ் என்பவரும் அவர் மகனும் 1860களின் கடைசியிலிருந்தே காகிதத்தில் பந்தயப் படகு செய்து விற்கிறார்கள். படகின் வடிவத்தில் ஒரு மர அச்சு செய்து, அதன்மேல் கெட்டியான மணிலாக் காகிதத்தை அடுக்கடுக்காகப் பசை போட்டு ஒட்டி, காயவைத்து எடுத்து, தண்ணீர் இறங்காதபடி வார்னிஷ் பூசுகிறார்கள். பலகைக்குப் பலகை இணைப்பு இல்லாததால் வெளிப்புறம் வழுவழுவென்று இருக்கும், எடையும் குறைவு. 1875இல் கார்னெல் பல்கலைக்கழகத்துப் பையன்கள் ஜெயித்தது இந்த மாதிரிப் படகில்தான். டிராயிலிருந்து, அடுத்த ஜூலைப் பந்தயம் நடக்கப்போகிற சரடோகா ஏரி பக்கம், அதனால் ரயிலில் ஏற்றி இறக்கும் செலவும் குறையும். இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் தூரத்து ஊரில் படகு செய்யச் சொன்னால், 50 அடிப் பெட்டியை ரயில்காரர்கள் எந்த வண்டியில் ஏற்றுவது என்று நிலையத்தில் நின்று தலையைச் சொறிவார்கள், அதற்கும் காசு கேட்பார்கள்.

நகரும் இருக்கை என்று ஒரு புதுச் செலவு வேறு வந்திருக்கிறது. இரண்டு மூன்று வருடம் முன்புவரை எல்லோரும் நிலையான பலகையில் உட்கார்ந்துதான் துடுப்புப் போட்டார்கள், வழுக்கும் பலகையில் கொழுப்பைத் தடவி முன்னும் பின்னும் சறுக்கியவர்களும் உண்டு. இப்போது இருக்கையே தண்டவாளத்தில் ஓடுகிறது. பழைய படகை வைத்துக்கொண்டே ஒரு வருடம் ஓட்டலாம் என்று உங்கள் தலைவன் சொன்னால் மறுத்துவிடுங்கள், இந்த ஒரு விஷயத்தில் சிக்கனம் பார்த்தவன் கடைசியில்தான் வருவான்.

துடுப்புகள், படகு வீட்டு வாடகை, பந்தயத்தை நடத்துகிற கல்லூரிகளின் சங்கத்துக்கான கட்டணம் இதெல்லாம் சில்லறை. பெரிய செலவு ஒன்று யாருக்கும் முதலில் கண்ணில் படாது: பந்தயம் ஜூலை நடுவில், வகுப்புகளோ அதற்கு முன்பே முடிந்துவிடும். ஆறு பேரும் மாற்று ஆட்களும் ஏரிக்கரையில் யாராவது ஒரு விவசாயி வீட்டிலோ சின்ன விடுதியிலோ வாரக்கணக்கில் தங்கிச் சாப்பிட வேண்டும், அதுவும் பயிற்சிச் சாப்பாடு. பயிற்சிச் சாப்பாடு என்றால் காலையும் மாலையும் பாதி வெந்த மாட்டிறைச்சி, காய்ந்த ரொட்டி, ஓட்ஸ் கஞ்சி. தண்ணீர் நிறையக் குடித்தால் மூச்சு வாங்கும் என்று நம்பினார்கள், அதனால் வெயிலில் மூன்று மைல் ஓட்டிவிட்டு வந்தவனுக்கு அரைக் கோப்பை தண்ணீர். இன்றைய மருத்துவர் யாராவது பார்த்தால் அடிக்க வருவார். தண்ணீரில் மிச்சமானது இறைச்சிக் கடைப் பாக்கியில் போய்விடும்.

1874இல் இன்னொரு தொல்லையும் வரும், முன்கூட்டியே சொல்கிறேன்: சரடோகாவில் காற்றும் அலையும் அடங்காமல் பந்தயம் தள்ளிப்போனது. படகு அவ்வளவு மெல்லிசு, அலை உள்ளே வந்தால் முழுகிவிடும், அதனால் ஏரி அமைதியாகும் வரை எல்லோரும் காத்திருக்க வேண்டும். அந்த நாட்களுக்கான அறை வாடகை உங்கள் தலையில். திட்டமிட்ட தொகைக்கு மேல் கொஞ்சம் ஒதுக்காமல் கிளம்பாதீர்கள்.

எப்போது கேட்பது

செப்டம்பரிலேயே ஆரம்பியுங்கள், தள்ளிப் போடாதீர்கள். கல்லூரி திறந்த வாரத்தில்தான் அப்பா கொடுத்தனுப்பிய காசு பையனின் சட்டைப்பையில் இருக்கும். ஹார்வர்டில் ஒரு வருடப் படிப்புக் கட்டணம் 150 டாலர். சின்னக் கல்லூரிகளில் அதைவிடக் குறைவு, ஆனால் அங்கே படிக்க வருகிறவர்களின் அப்பாக்களும் சின்ன ஆட்கள்தான்.

இந்த வருடம் மட்டும் இன்னும் அவசரம். 1873 செப்டம்பர் 18ஆம் தேதி ஜே குக் என்கிற பெரிய வங்கி ரயில்பாதைப் பத்திரங்களில் மாட்டிக்கொண்டு கதவை மூடும், அதைத் தொடர்ந்து பங்குச் சந்தையே சில நாட்கள் மூடிக்கிடக்கும், பிறகு வருடக்கணக்கில் மந்தம். அதற்கு அப்புறம் ஊர்க் கடைக்காரரிடம் போய்ப் படகுக்கு நன்கொடை கேட்டுப் பாருங்கள், அவர் முகத்தைப் பார்த்தே திரும்பி வந்துவிடுவீர்கள். 17ஆம் தேதிக்குள் முடிந்தவரை ரொக்கமாக வாங்கிவிடுங்கள், வாக்குறுதியாக வேண்டாம்.

வசூல் நோட்டு

இதுதான் மொத்தத்துக்கும் அடித்தளம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு நல்ல நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் எதற்கு இந்தக் காசு என்று நாலு வரி அழகான கையெழுத்தில் எழுதுங்கள், கல்லூரியின் மானம் என்ற வார்த்தை அதில் கட்டாயம் வரட்டும். அப்புறம் முதல் பெயருக்கு நல்ல ஆளாகப் பிடியுங்கள். நம் ஊர்த் திருவிழா நோட்டில் முதல் வரியில் பெரிய மனிதர் எழுதுகிற தொகையைப் பார்த்துத்தானே அடுத்தவர் எழுதுவார், இங்கேயும் அதேதான். முதல் ஆள் 10 டாலர் எழுதினால் அடுத்தவன் 5க்குக் கீழே எழுதக் கூச்சப்படுவான். முதல் ஆள் 1 டாலர் எழுதினால் உங்கள் கதை முடிந்தது. பணக்காரப் பையன் ஒருவனிடம் முந்தின நாளே தனியாகப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

நோட்டைத் தனித்தனி அறையாகக் கொண்டுபோகாதீர்கள், வகுப்புக் கூட்டத்தில் நீட்டுங்கள். அன்றைய கல்லூரியில் பையனுக்குக் குடும்பமும் சாதியும் எல்லாமே அவனுடைய வகுப்புதான். எந்த வருடம் சேர்ந்தானோ அந்தக் கூட்டத்தோடேயே எல்லாப் பாடமும், எல்லாச் சண்டையும். இரண்டாம் வருடத்தார் முதல் வருடத்தாரைக் கைத்தடி வைத்துக்கொள்ள விடமாட்டார்கள், அதற்காக மைதானத்தில் கூட்டம் கூட்டமாக மோதிச் சட்டை கிழியும். இந்த வெறியை வசூலுக்குத் திருப்புங்கள். "முதல் வருடத்துப் பொடியன்கள் உங்களைவிட 20 டாலர் அதிகம் எழுதிவிட்டார்களாம்" என்று இரண்டாம் வருடக் கூட்டத்தில் போகிறபோக்கில் சொன்னால் போதும். பொய் மட்டும் சொல்லாதீர்கள், இருநூறு பேர் இருக்கிற இடத்தில் அன்று ராத்திரியே தெரிந்துவிடும்.

காலைப் பிரார்த்தனைக்கு எல்லோரும் வந்தே ஆக வேண்டும், வராதவனுக்குக் குறி விழும். அதனால் பிரார்த்தனை முடிந்து வெளியே வருகிற வாசல்தான் பாக்கிக்காரனைப் பிடிக்க உத்தமமான இடம். எழுதிவிட்டுத் தராதவர்கள் பாதிப் பேர் இருப்பார்கள், அது எந்தக் காலத்திலும் அப்படித்தான். தொகையை மூன்று தவணையாகப் பிரித்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு தவணைக்கும் தேதி போடுங்கள், தந்தவர்களின் பெயரை மட்டும் மாணவர் பத்திரிகையில் அச்சிடச் சொல்லுங்கள். கார்னெலில் 1868இலிருந்தே மாணவர்களின் வாரப் பத்திரிகை வருகிறது, மற்ற கல்லூரிகளிலும் ஒன்றிரண்டு இருக்கும். தராதவர்களின் பெயரைப் போட வேண்டாம், வாசிக்கிறவர்களே இல்லாத பெயரைத் தேடுவார்கள்.

ஒரு எச்சரிக்கை. சில பையன்களிடம் உண்மையிலேயே காசு கிடையாது. குளிர்காலத்தில் வகுப்பை விட்டுக் கிராமத்துப் பள்ளியில் வாத்தியார் வேலை பார்த்து, அந்தச் சம்பளத்தில் அடுத்த பருவத்துக்குக் கட்டணம் கட்டுகிறவர்கள் நியூ இங்கிலாந்துக் கல்லூரிகளில் நிறைய. அவர்களைக் கூட்டத்தில் வைத்துக் கேட்காதீர்கள். படகு வீட்டுக் கூரை வேய, படகைத் தூக்க, டிக்கெட் விற்க ஆள் வேண்டியிருக்கும், அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த நாசூக்கு இல்லாத பொருளாளரை அடுத்த வருடம் வகுப்பே ஒதுக்கிவிடும், நியாயமும் அதுதான்.

கல்லூரித் தலைவரிடம் போவது

தலைவர் இளமையில் துடுப்புப் பிடித்தவரா என்று முதலில் விசாரியுங்கள். இதில் ஆச்சரியங்கள் உண்டு. கார்னெலின் தலைவர் ஆண்ட்ரூ டிக்சன் ஒயிட் யேலில் படித்தபோது படகு ஓட்டியவர். 1873இல் அவர் கல்லூரிப் பையன்கள் மிச்சிகன் பல்கலைக்கழகத்தோடு கால்பந்து ஆடக் கிளீவ்லாண்டு போக அனுமதி கேட்டபோது, ஒரு பை காற்றை உலுக்குவதற்காக 30 பேரை 400 மைல் அனுப்ப முடியாது என்று மறுத்தவரும் அவரே. ஆக அதே மனிதர், அதே வருடம், கால்பந்துக்கு முகம் சுளிப்பார், படகு என்றால் சிரிப்பார். ஹார்வர்டில் 1869இலிருந்து தலைவராக இருக்கிற சார்லஸ் எலியட்டும் பழைய துடுப்புக்காரர்தான், அவரைப் பற்றிச் சிக்கனம் பேசும்போது சொல்கிறேன்.

உங்கள் தலைவர் வயதான போதகராக இருந்தால் வேறு வழி. பந்தயம் என்று பேசாதீர்கள். உடல்நலம், அதிகாலையில் எழுவது, புகையிலையையும் மதுவையும் விடுவது என்று பேசுங்கள். பயிற்சிக் காலத்தில் புகைப்பதும் பத்து மணிக்கு மேல் விழித்திருப்பதும் குழுவில் தடை, அது உண்மையும்கூட. இதைச் சொன்னதும் அவர் முகம் இளகும். அவர் பெயர் நோட்டில் ஏறினால் ஊர்ச் சபைக்காரர்களும் கை நீட்டுவார்கள்.

பாட்டும் நாடகமும்

நோட்டு பாதிச் செலவைத் தந்தால் பெரிது. மிச்சத்துக்குக் கலை நிகழ்ச்சிதான் கைகொடுக்கும், பனிக்காலத்தில் ஆறு உறைந்து கிடக்கும்போது வேறு வேலையும் இல்லை.

பாட்டுக் கச்சேரி பத்திரமானது. கல்லூரியின் க்ளீ கிளப்பை, அதாவது மாணவர் பாட்டுக் குழுவைப் பிடியுங்கள், ஊரில் உள்ள பெரிய கூடத்தை ஒரு மாலைக்கு எடுங்கள், டிக்கெட் 50 செண்ட் என்று வையுங்கள். முதலில் லத்தீன் பாட்டு ஒன்று, நடுவில் கல்லூரிப் பாட்டுகள், கடைசியில் சிரிப்புப் பாட்டு. பக்கத்தில் பெண்கள் பள்ளி இருக்கிறதா? அங்கே இருக்கிற தலைமையாசிரியைக்கு மரியாதையான கடிதம் எழுதி, மாணவிகளை அவரே அழைத்து வரும்படி கேளுங்கள்; அவர்கள் வரிசையாக வந்து உட்காரப்போகிறார்கள் என்ற செய்தி பரவினால் உங்கள் கல்லூரிப் பையன்கள் ஒருவன் பாக்கி இல்லாமல் டிக்கெட் வாங்குவான்.

நாடகத்தில் வசூல் அதிகம், தலைவலியும் அதிகம். பெண் வேடத்தை ஆண்களே போட வேண்டும், மீசை வைத்தவன் கதாநாயகியாக வந்து நிற்கும்போது சிரிப்பில் கூடம் அதிரும், அதற்காகவே கூட்டம் வரும். ஆனால் பழைய கிறிஸ்தவச் சபைகளின் பிடியில் இருக்கிற ஊர்களில் நாடகம் என்ற சொல்லே ஆகாது. மெதடிஸ்டுகள் நடத்துகிற வெஸ்லியன் மாதிரிக் கல்லூரியில் நடனக் கூட்டம் வைத்துக் காசு சேர்க்கலாம் என்று யோசனை சொல்லிவிடாதீர்கள். அழைப்பிதழில் "மாலை நிகழ்ச்சி" என்று மட்டும் போட்டுவிட்டு உள்ளே என்ன நடந்தது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மின்ஸ்ட்ரல் நிகழ்ச்சி பற்றியும் சொல்லியாக வேண்டும். வெள்ளைப் பையன்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களைக் கேலி செய்து ஆடிப் பாடுவது. அந்தக் காலத்தில் கல்லூரிகளில் இதற்குக் குறைவே இல்லை, காசும் கொட்டியது. உள்நாட்டுப் போர் முடிந்து எட்டே வருடம். அந்தக் காலத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை மறைத்துவிட்டு எல்லாம் இனிமையாக இருந்தது என்று எழுதுவது சரியில்லை, வேடிக்கை என்று எழுதுவது அதைவிட மோசம். உங்கள் நிகழ்ச்சியில் அது வேண்டாம்.

கூட வாடகை, விளக்கு எண்ணெய், அச்சுக்கூலி, பியானோ கொண்டுவரும் வண்டிக்கூலி இத்தனையும் கழித்துவிட்டுத்தான் லாபம். முதல் கச்சேரியில் பெரிதாக ஒன்றும் நிற்காது. இரண்டாவதைப் பக்கத்து ஊரில் வையுங்கள், பாடகர்கள் தயார், பாட்டுகள் தயார், செலவு பாதி.

ரயில்காரரும் விடுதிக்காரரும்

வெளியார் காசு என்றால் 1852ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் கல்லூரிகள் மோதிய முதல் போட்டியே ஒரு ரயில்காரர் செலவில்தான் நடந்தது. பாஸ்டன், கான்கார்டு, மான்ட்ரியல் ரயில் நிறுவனத்தின் ஜேம்ஸ் எல்கின்ஸ் என்கிற அதிகாரி, நியூ ஹாம்ப்ஷயரில் வின்னிபெசாக்கி ஏரிவரை போகிற தன் வண்டிக்குக் கோடையில் பயணிகள் வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தார். யேல் மாணவன் ஒருவனிடம், ஹார்வர்டையும் யேலையும் இந்த ஏரியில் மோதவைத்தால் செலவெல்லாம் என்னுடையது என்றார். ஆகஸ்டு 3ஆம் தேதி பந்தயம், பையன்களுக்கு ஏரிக்கரையில் ஒரு வாரத்துக்கு மேல் இலவசத் தங்கல், ஹார்வர்டு ஜெயித்தது, வெள்ளிப் பட்டயம் பதித்த கறுப்பு வால்நட் துடுப்புகளைப் பரிசாகக் கொடுத்தவர் அந்த நவம்பரில் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஃபிராங்க்ளின் பியர்ஸ்.

ஆக, ரயில் அலுவலகத்துக்குப் போகும்போது தர்மம் கேட்கிற குரலில் பேசாதீர்கள். "எங்கள் குழு போனால் பின்னால் நூறு மாணவர்களும் அவர்கள் வீட்டாரும் வருவார்கள், உங்கள் வண்டியில் வரவைக்கிறேன், பதிலுக்குப் படகை இலவசமாக ஏற்றுங்கள், ஆறு பேருக்குப் பாதிக் கட்டணம் போடுங்கள்" என்று வியாபாரம் பேசுங்கள். சரடோகாவின் விடுதிக்காரர்களுக்கும் அதே கணக்குதான்.

சரடோகாவில் ஒரு சங்கடம் உண்டு. அந்த ஊரின் கோடைக்காலத்தைக் குதிரைப் பந்தயத்தாலும் சூதாட்ட விடுதியாலும் வளர்த்தவர் ஜான் மோரிசி, முன்னாள் குத்துச்சண்டை வீரர், இடையில் காங்கிரஸ் உறுப்பினராகவும் இருந்தவர். பெற்றோருக்கும் பேராசிரியர்களுக்கும் அந்தப் பெயரைக் கேட்டாலே ஆகாது. உங்கள் பையன்கள் ஊருக்கு வெளியே ஏரிக்கரையில்தான் தங்குகிறார்கள் என்பதைக் கடிதத்தின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். பந்தயப் பணம் கட்டி ஜெயித்தவன் ஒருவன் குழுவுக்கு நன்கொடை தர வந்தால் என்ன செய்வது? வாங்கிக்கொள்ளுங்கள் என்றுதான் பெரும்பாலான பொருளாளர்கள் சொல்வார்கள். நான் வாங்கமாட்டேன், ஏனென்றால் அடுத்த வருடம் அவன் பயிற்சியில் எத்தனை நிமிடத்தில் முடிக்கிறீர்கள் என்று கேட்டு வருவான்.

எங்கே மிச்சம் பிடிக்கலாம்

உடுப்பில். 1858இல் பாஸ்டனில் ஒரு பந்தயத்துக்கு முன்னால் ஹார்வர்டு குழுவை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்ட வேண்டியிருந்தது. பெஞ்சமின் கிரவுனின்ஷீல்டும், அப்போது குழுவில் இருந்த எலியட்டும், கடைக்குப் போய்ச் சிவப்புக் கைக்குட்டைகள் வாங்கி வந்து எல்லோர் தலையிலும் கட்டினார்கள். அவ்வளவுதான் செலவு. பிற்காலத்தில் பல்கலைக்கழகத்துக்கே அந்த நிறம் நிலைத்துவிட்டது.

பயிற்சியாளர் விஷயத்தில் அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியாது. 1871இல் கனெக்டிகட் ஆற்றில், ஸ்ப்ரிங்ஃபீல்டுக்குப் பக்கத்தில் நடந்த பந்தயத்துக்கு மாசசூசெட்ஸ் வேளாண் கல்லூரிப் பையன்கள் வந்தபோது ஏர் பிடிக்கிறவர்கள் என்று சிரித்தார்கள். கல்லூரி திறந்தே நான்கு வருடம்தான், வயல் வேலை அங்கே பாடத்தில் சேர்த்தி. அவர்கள் ஜோஷ் வார்டு என்கிற தொழில்முறைப் படகோட்டியைப் பிடித்துப் பயிற்சி எடுத்திருந்தார்கள். 3 மைலை 16 நிமிடம் 46.5 நொடியில் முடித்தார்கள், ஹார்வர்டு அரை நிமிடத்துக்கும் மேல் பிந்தி வந்தது, பிரௌன் பல்கலைக்கழகம் அதற்கும் பின்னால். கொடுத்த சம்பளம் வீண் போகவில்லை. (அந்தக் கல்லூரியின் தலைவர் வில்லியம் கிளார்க்தான் 1876இல் ஜப்பானுக்குப் போய்ச் சப்போரோவில் வேளாண் கல்லூரி தொடங்க உதவியவர், ஜப்பானில் இன்றும் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட அவரைத் தெரியும்.)

கார்னெல் மறுபக்கம். அங்கே 1873இல் சம்பளத்துக்கு ஒரு தொழில்முறை ஆள் இருந்தார், ஆனால் 1875இல் ஜெயித்தபோது குழுத்தலைவன் ஜான் ஆஸ்ட்ரமே பயிற்சியும் பார்த்துக்கொண்டான். என் அபிப்பிராயம்: முதல் வருடம் ஒரு வார்டைப் பிடியுங்கள், துடுப்பு எப்படித் தண்ணீரில் இறங்க வேண்டும் என்று குழுவில் ஒருவனாவது சரியாகக் கற்றுக்கொள்ளட்டும், அடுத்த வருடம் அவனை வைத்து ஓட்டுங்கள்.

படகு வீட்டில் மட்டும் மிச்சம் பிடிக்கவே கூடாது. டார்ட்மத் கல்லூரியில் 1877 குளிர்காலத்தில் பனியின் கனம் தாங்காமல் படகு வீடு இடிந்து உள்ளே இருந்த படகுகள் நொறுங்கின, அத்தோடு அங்கே துடுப்பு விளையாட்டே பல வருடத்துக்கு நின்றுபோனது. கூரைக்கு நல்ல விட்டம் போடுங்கள். பனி பெய்த மறுநாள் முதல் வருடத்துப் பையன்கள் நாலு பேரை மண்வாரியோடு மேலே ஏற்றுங்கள்.

ஜெயித்துவிட்டால்

1875 ஜூலையில் சரடோகாவில் 13 கல்லூரிகள் வரிசையில் நின்றன, திறந்து ஏழே வருடமான கார்னெல் 16 நிமிடம் 53.25 நொடியில் முதலில் வந்தது. தந்தி கார்னெல் இருக்கிற இத்தாகா ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் கல்லூரியின் மணிகள் எல்லாம் அடித்தன. அடுத்த வருடம் முதல் வருடத்தார் பந்தயம், ஒற்றை ஆள் பந்தயம், பெரிய பந்தயம் மூன்றையும் கார்னெல் வாரிக்கொண்டு போனது. அந்த மாதிரி ஒரு ராத்திரி உங்களுக்கு வாய்த்தால் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டே சுற்றுங்கள். ஊரே குடித்துவிட்டுக் கட்டிப்பிடிக்கும் நேரத்தில் கேட்டால் கிடைப்பது ஒரு வாரம் கழித்துக் கேட்டால் கிடைக்காது. பழைய மாணவர்களுக்கு மறுநாளே கடிதம் போடுங்கள், கடன் எவ்வளவு என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

குழுவில் இருந்தவர்களின் விலாசங்களை மட்டும் தொலைத்துவிடாதீர்கள். பிரின்ஸ்டனில் அன்று ஏரி கிடையாது, சரக்குப் படகுகள் போகிற கால்வாயில் இடிபட்டுக்கொண்டு பயிற்சி எடுத்தார்கள். அப்படி இடிபட்டவர்களில் ஒருவர் ஹோவர்டு ரஸ்ஸல் பட்லர், 1876ஆம் ஆண்டு வகுப்பு. பின்னால் ஓவியராகி, 1902 வாக்கில் ஆண்ட்ரூ கார்னகியை உட்காரவைத்துப் படம் வரைந்துகொண்டிருந்தபோது பேச்சுவாக்கில் அந்தக் கால்வாய்க் கதையைச் சொன்னார். கார்னகி 4 லட்சம் டாலருக்கு மேல் செலவழித்து ஆற்றை மறித்து ஒரு ஏரியே வெட்டிக் கொடுத்தார், 1906இல் திறந்தார்கள். கல்லூரித் தலைவர் உட்ரோ வில்சன் படிப்புக்குக் காசு எதிர்பார்த்திருந்தார், ரொட்டி கேட்டோம் கேக் கொடுத்தார் என்று நொந்துகொண்டதாகச் சொல்வார்கள்.

கடைசியாக, புதுப் படகுக்கு ஆர்டர் கொடுப்பதில் ஜாக்கிரதை. 1875 பந்தயம் முடிந்ததும் யேல் சங்கத்தை விட்டு விலகும், 1876 முடிந்ததும் ஹார்வர்டும் போய்விடும். இரண்டும் சேர்ந்து 1876 ஜூன் 30ஆம் தேதி எட்டுத் துடுப்புப் படகில், சுக்கான் ஆளோடு, 4 மைல் தனியாக ஓட்டிக்கொள்வார்கள். அவர்கள் இல்லாத பந்தயத்துக்கு ரயில்காரர் வரமாட்டார், விடுதிக்காரர் வரமாட்டார், உங்கள் வகுப்புத் தோழன்கூட நோட்டில் 1 டாலருக்கு மேல் எழுதமாட்டான். ஆறு துடுப்புப் படகின் விலையும் இறங்கும். அதனால் 1876 கோடை முடியும் முன்பே உங்கள் படகை ஏதாவது ஊர்க் குழுவுக்கு விற்றுவிடுங்கள், முதலில் இறைச்சிக் கடைப் பாக்கியை அடைத்துவிடுங்கள், அப்புறம் படகு செய்தவருக்கு, கடைசியில் அச்சகத்துக்கு. மிச்சம் ஏதாவது இருந்தால் நோட்டோடு சேர்த்து அடுத்த பொருளாளரிடம் கொடுத்து, தொகையைக் குறிப்பிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.